மௌனப் படத்துக்குக் குரல் கொடுத்தவர்

வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டம் முடிந்து மணி அடிக்கும் வரை கிடைத்த நேரத்தை எங்கள் ஆங்கில ஆசிரியர் ஒரு கதைக்கென்றே வைத்திருந்தார். அவருடைய நூற்றாண்டையொட்டி வெளிவரும் இம்மலரில், சிறுவயதில் கொழும்பில் பார்த்ததாக அவர் சொன்ன 'மை பெஸ்ட் கேர்ள்' என்ற 1927ஆம் ஆண்டு மௌனப் படத்தைப் பற்றி எழுதுவதே பொருத்தமென்று நினைக்கிறேன்.

மலிவுச் சாமான் கடையின் களஞ்சியத்தில் வேலை செய்யும் மாகி, புதிதாக வந்த ஜோவுக்கு வேலை பழக்குகிறாள். அவன் முதலாளியின் மகன் என்பது அவளுக்குத் தெரியாது. இருவரும் பெரிய பெட்டியொன்றுக்குள் இருந்து மதிய உணவு உண்பதையும், கொட்டும் மழையில் வாகனங்களைக் கவனியாமல் தெருவில் நடப்பதையும் சேர் நடித்துக் காட்டும்போது வகுப்பே சிரிக்கும். அவனுடைய வாழ்வு தன்னால் கெட்டுவிடக் கூடாது என்று எண்ணி, உதட்டுக்குச் சாயம் பூசி ஆடி, பணத்துக்காகவே பழகியதாக மாகி நடிக்கும் கட்டத்தில் அவருடைய குரல் இறங்கிவிடும். அதன் பிறகு, தபால்காரரான அவளுடைய சாதுவான தந்தை வீட்டுப் பொறுப்பைத் தாமே ஏற்று மகளை ஜோவுடன் அனுப்பிவைப்பதை மிக விரிவாகச் சொல்வார்.

சேருடைய தந்தையும் தபால்காரர். காணிபூமியுள்ள குடும்பத்தில் சேர் பெண் எடுத்தபோது ஊரில் பலர் கலியாணத்துக்குப் போகவில்லை என்று பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறோம். அதைப்பற்றி அவர் எங்களிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை; இந்தக் கதையின் வழியாகவே சொன்னார் என்று இன்று உறுதியாக நம்புகிறேன்.

மாகியாக நடித்த மேரி பிக்போர்ட் 1892இல் பிறந்தது நாம் வாழும் இதே ரொறன்ரோவில், இன்று சிறுவர் மருத்துவமனை இருக்கும் யூனிவர்சிற்றி அவெனியூவில். தந்தையை இளமையிலேயே இழந்து, குடும்பத்தைக் காப்பாற்ற மேடையேறிய பிள்ளை அவர். 1919இல் சாப்ளின் முதலியோருடன் யுனைற்றட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற திரைப்பட நிறுவனத்தைத் தொடங்கிய பின்னரும், அவருடைய கடைசி மௌனப் படமான இதில் ஏழைப் பெண்ணின் அச்சமும் மானமும் அவர் முகத்தில் அப்படியே நிற்கின்றன. பொய்யாக ஆடும்போதே அழுகை முட்டிவரும் அந்த இடத்துக்கு வசனம் தேவைப்படவில்லை.

இங்கு வந்த பின்னரே படத்தைப் பார்த்தேன். அந்தத் தபால்காரர் திரையில் தோன்றும் நேரம் சேர் சொன்னதைவிட மிகவும் குறைவு. சேர் ஊரிலேயே இருந்து காலமாகிவிட்டார். அவர் அருகில் இருக்க இப்படத்தைப் பார்த்து, அந்தத் தந்தையைப் பற்றி மட்டுமாவது அவரிடம் கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்கும் வயது எங்களுக்கு வருமுன்பே புறப்பட்டு வந்துவிட்டோம்.