'ர்' என்ற ஒரே ஒலியை வைத்துப் பதில் எழுதலாம்: சமூக மொழியியல் தாளுக்கு

"ஆங்கிலம் குழுவுக்குக் குழு ஏன் வேறுபடுகிறது?" என்ற கேள்விக்கு வயது, வர்க்கம், பாலினம், இனம் என்று வரிசையாக அடுக்கினால் மதிப்பெண் ஏறாது. யார், எந்த ஒலியை, எந்த இடத்தில், ஏன் மாற்றுகிறார் என்று காட்ட வேண்டும். அதற்கு உயிரெழுத்துக்குப் பின் வரும் 'ர்' ஒன்றே போதும்.

1962இல் அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் நியூயார்க்கின் மூன்று பல்பொருள் அங்காடிகளில், நான்காம் தளத்தில் இருக்கும் பொருளுக்கு வழி கேட்டார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வரும். காதில் விழாததுபோல மறுபடி கேட்பார். இரண்டாம் முறை ஊழியர் நிதானித்துச் சொல்வார். மொத்தம் 264 பேர். ஒரு தடவையாவது 'ர்' ஒலித்தவர்கள் விலை உயர்ந்த சாக்ஸில் 62%, நடுத்தர மேசிஸில் 51%, மலிவான கிளைனில் 20%. எண்களோடு நிறுத்திவிடாதீர்கள். வாடிக்கையாளரின் அந்தஸ்தை ஊழியர் தம் பேச்சில் ஏற்றிக்கொள்கிறார் என்பதுதான் விளக்கம். வயதை லபோவ் கண்ணளவில்தான் ஊகித்தார் என்ற குறையையும் ஒரு வரியில் சேருங்கள்.

பலர் சறுக்குவது அடுத்த படியில். "'ர்'ஐ விழுங்குவது கொச்சை" என்று எழுதிவிடுகிறார்கள். இங்கிலாந்தின் தரமான உச்சரிப்பில் அந்த 'ர்' கிடையாது. அங்கே அதை ஒலிப்பது மேற்குப் பகுதிக் கிராமத்துப் பேச்சின் அடையாளம். மதிப்பு ஒலியில் இல்லை, ஒலிப்பவரிடம் இருக்கிறது. இந்த ஒப்பீடு இல்லாத பதில் பாதிப் பதில்தான்.

வர்க்கம் எல்லாவற்றையும் விளக்காது என்பதற்கு லபோவ் ஆய்ந்த இன்னோர் இடமான, அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவு கைகொடுக்கும்: அங்கேயே வாழ விரும்பியவர்களிடம் பழைய தீவு உச்சரிப்பு வலுத்தது. இதற்கு மூன்று வரி போதும்.

வயது வேறுபாட்டை உடனே மொழி மாற்றம் என்று எழுதாதீர்கள். இளமைக் கொச்சையைப் பலர் வளர்ந்ததும் கைவிடுகிறார்கள், அது ஒவ்வொரு தலைமுறையிலும் திரும்பும் சுழற்சி. ஒருவர் இளமையில் பழகிய உச்சரிப்பு முதுமையிலும் பெரிதாக மாறாது என்று கொண்டால்தான் தலைமுறை இடைவெளி மாற்றத்தைக் காட்டும். அதைச் சோதிக்க ஆண்டுகள் கழித்து ஆய்வைத் திரும்பச் செய்ய வேண்டும். லபோவின் அங்காடி ஆய்வை 1986இல் ஜாய் ஃபௌலர் அப்படித் திரும்பச் செய்தார். 'ர்' கூடியிருந்தது, ஆனால் மெதுவாக.

இலக்கணத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ஆப்பிரிக்க அமெரிக்க ஆங்கிலத்தின் 'ஹி பி வொர்க்கிங்'. இதைப் பிழை என்று எழுதினால் போச்சு. அவன் வழக்கமாக வேலை செய்பவன் என்று பொருள். இந்த நொடியில் செய்கிறான் என்பதற்கு 'ஹி வொர்க்கிங்'.