சீனாய் மலை: ஏறினத விட இறங்குனதுதான் எனக்கு புடிச்சுது

சீனாய் மலைக்கு யாரு போயிட்டு வந்தாலும் சூரிய உதய போட்டோவத்தான் போடுவாங்க, நானும் போட்டேன், லைக்கும் நல்லாவே விழுந்துச்சு. ஆனா யாராவது போன் பண்ணி "எப்படி இருந்துச்சு, போலாமா"ன்னு கேட்டா நான் முதல்ல சொல்றது அந்த உதயத்த பத்தி இல்ல, காலைல இறங்கி வந்த படிக்கட்ட பத்திதான். பாதி பேரு அந்த வழில வர்றதே இல்ல, அதனாலதான் இந்த போஸ்ட்.

மலை இருக்குறது எகிப்துல, தெற்கு சினாய்ல. அந்த ஊர்க்காரங்க ஜெபல் மூசான்னு சொல்வாங்க. யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் மூணு பேருக்கும் புனிதமான மலை, மோசே (மூஸா நபி) பத்து கட்டளைய வாங்குனது இங்கதான்னு நம்பிக்கை. நெறைய பேரு ஷார்ம் எல் ஷேக், இல்லன்னா தாஹப்ல தங்கி, பகல்ல கடல்ல குதிச்சிட்டு ராத்திரி வேன் புடிச்சு இங்க வருவாங்க. நாங்க தாஹப்ல இருந்து போனோம், ரோடு நல்ல ரோடுதான், ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், நடுவுல செக்போஸ்ட் வரும், தூக்க கலக்கத்துல பாஸ்போர்ட்ட தேடி எடுத்து நீட்டணும், அப்புறம் திரும்ப தூங்கலாம்னு கண்ண மூடுனா அடுத்த செக்போஸ்ட் வந்துரும். பாஸ்போர்ட்ட பைக்குள்ள வைக்காம சட்டை பாக்கெட்லயே வச்சுக்கோங்க.

ஏன் ராத்திரி ஏறணும்னு கேட்டா, உதயம் ஒரு காரணம், வெயில் இன்னொரு காரணம். மொத்த மலையும் மொட்டை கிரானைட் பாறை, கோடைல பகல்ல ஏறுனா ஒதுங்க நெழல் கிடைக்காது. உச்சி 2,285 மீட்டர், ஆனா அடிவாரமே 1,500 மீட்டருக்கு மேல இருக்கு, அதனால நாம ஏறுறது 700 மீட்டர் சொச்சம்தான். கேக்க கம்மியா இருக்கும். மூணு மணி நேரம் வச்சுக்கோங்க.

கைடு இல்லாம ஏற விட மாட்டாங்க. கைடுங்க எல்லாம் பெதுவின்னு சொல்ற பாலைவன மக்கள்ல ஜெபலியான்னு ஒரு இனத்துக்காரங்க, இவங்க கதை தனி கதை. ஆறாம் நூற்றாண்டுல ஜஸ்டினியன்னு பைசாண்டிய பேரரசர் மலை அடிவாரத்துல கிறிஸ்தவ துறவிங்களுக்கு மடம் (இப்ப செயின்ட் கேத்தரின் மடம்) கட்டுனப்ப, அத காவல் காக்கவும் வேலை செய்யவும் வெளிய இருந்து ஆளுங்கள கொண்டு வந்து குடி வச்சாரு, அவங்க வழி வந்தவங்கதான் நாங்கன்னு சொல்றாங்க. இப்ப எல்லாரும் முஸ்லிம், ஆனா கிறிஸ்தவ மடத்துக்கும் இவங்களுக்கும் உள்ள உறவு இன்னைக்கும் அப்படியே இருக்கு. எங்க கைடு அதிகம் பேசல. யாரு பின்தங்குறாங்கன்னு மட்டும் பாத்துக்கிட்டே இருந்தாரு.

ஏற ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு படி வழி, அத இறங்குறப்ப சொல்றேன். ராத்திரில எல்லாரும் போறது ஒட்டக பாதை. 19ஆம் நூற்றாண்டுல எகிப்த ஆண்ட அப்பாஸ் பாஷா போட்டது. அந்த மனுஷன் பக்கத்து மலை உச்சில தனக்கு ஒரு அரண்மனையும் கட்ட ஆரம்பிச்சாரு, 1854ல செத்துட்டதால அது பாதியோட நின்னுபோச்சு, சுவரு இன்னும் அங்க நிக்குது. பாதை அகலம்தான், வளைஞ்சு வளைஞ்சு போகும், கஷ்டமே இல்ல. ஆனா ஒட்டகம் வர்றது தெரியாது. அதோட பாதம் மெத்துனு இருக்கா, சத்தமே கேக்காது, திடீர்னு காது பக்கத்துல மூச்சு விடும். "கேமல், கேமல்"னு இருட்டுக்குள்ள இருந்து குரல் மட்டும் வந்துக்கிட்டே இருக்கும். ஒட்டகம் தாண்டி போறப்ப எப்பவும் மலை பக்கமா ஒதுங்கி நில்லுங்க, பள்ளம் பக்கம் நிக்காதீங்க.

வழில சின்ன சின்ன டீக்கடை, கல்லு சுவரு, உள்ள கம்பளி விரிச்ச திண்ணை. மேல போக போக விலையும் ஏறும், தூக்கிட்டு வர்றது அவங்கதானே, பேரம் பேசுறதுல எனக்கு இஷ்டம் இல்ல.

ஒட்டக பாதை முடியுற இடத்துல இருந்து 750 படி. படின்னா ஒழுங்கா செதுக்குனது இல்ல, கல்ல அடுக்கி வச்சது, ஒண்ணு முழங்கால் உயரம் இருக்கும், அடுத்தது ஒரு ஜாண் இருக்கும். வெள்ளியங்கிரி ஏறுனவங்களுக்கு பழகுன விஷயம்தான், கைல மூங்கில் தடி மட்டும் இல்ல. எனக்கு முன்னாடி ஒரு வயசான அம்மா உக்காந்து மூச்சு வாங்கிட்டு இருந்தாங்க, நான் என் ஃப்ரெண்டுகிட்ட பேசுனத கேட்டுட்டு "தம்பி, தமிழா?"ன்னாங்க. ஏதோ சர்ச் டூர்ல வந்தவங்களாம், குழுவுல பாதி பேரு கீழயே ரூம்ல தூங்கிட்டாங்களாம். "நீங்க எதுக்கும்மா இந்த குளிர்ல, ஒட்டகம் நிக்குற இடத்துலயே இருந்துருக்கலாமே"ன்னேன். "மோசே எகிப்து ராஜா பார்வோன்கிட்ட பேசுறப்பவே எம்பது வயசுப்பா, அதுக்கப்புறம்தான் இந்த மலையே ஏறுனாரு. எனக்கு அறுபத்தேழுதான். அவரு நாப்பது நாள் தண்ணி கூட குடிக்காம மேல இருந்தாரு, நீ ரெண்டாவது பாட்டில தொறந்துட்ட பாரு"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு போயிட்டாங்க. எனக்கு முன்னாடியே உச்சிக்கு போய் நல்ல பாறையா பாத்து உக்காந்துருந்தாங்க.

உச்சில ஒரு சின்ன தேவாலயம் இருக்கு, 1934ல பழைய இடிஞ்ச கோயிலோட கல்ல வச்சே கட்டுனது, பக்கத்துலயே ஒரு சின்ன மசூதி. நாங்க போனப்ப தேவாலயம் பூட்டி இருந்துச்சு. காத்து இருக்கே, ஜாக்கெட் ஜிப்புக்குள்ள எல்லாம் நுழையும். கம்பளி வாடகைக்கு கிடைக்கும், வாங்கிக்கோங்க, கௌரவம் பாக்காதீங்க. ஒரு பக்கம் ஃபஜ்ர்னு விடியற்கால தொழுகை, இன்னொரு பக்கம் ஒரு குழு அவங்க பாஷைல பாட்டு பாடுது, நடுவுல ஒருத்தன் செல்ஃபி ஸ்டிக்க நீட்டிக்கிட்டு பாறை விளிம்புல நிக்குறான். எனக்கு அந்த கூட்டம் எரிச்சலா இல்ல, ஆனா அமைதி தேடி போறவங்க இத தெரிஞ்சுக்கிட்டு போறது நல்லது.

உதயம் நல்லா இருந்துச்சு, சந்தேகமே இல்ல. ஆனா எல்லாரும் கிழக்க பாத்து போன தூக்கிட்டு இருக்குறப்ப ஒரு தடவ பின்னாடி திரும்பி பாருங்க. சாம்பல் நிறத்துல இருந்த பாறை எல்லாம் மேல இருந்து கீழ வரைக்கும் மெதுவா செவந்துக்கிட்டே வரும், அந்த பக்கம் நிக்குற கேத்தரின் மலை, எகிப்துலயே பெரிய மலை அது, 2,600 மீட்டர் தாண்டும், அதோட உச்சில மொதல்ல வெளிச்சம் படும்.

இதுதான் நிஜமான சீனாய் மலையான்னு ஒரு சண்டை இருக்கு. கொஞ்சம் தள்ளி இருக்குற செர்பால் மலைதான்னு சிலர், சவுதில இருக்குன்னு சிலர். தொல்லியல் ஆதாரம்னு எதுவும் கிடைக்கல. ஆனா நாலாம் நூற்றாண்டுல இருந்து ஜனங்க இங்கதான் வந்துக்கிட்டு இருக்காங்க. எகேரியான்னு ஒரு பொம்பள அந்த காலத்துலயே ஐரோப்பால இருந்து வந்து ஏறிட்டு, சுத்தி சுத்தி போக வழி இல்ல, சுவத்துல ஏறுற மாதிரி நேரா ஏறணும்னு எழுதி வச்சுருக்காங்க. ஒட்டக பாதை எல்லாம் அப்ப ஏது.

அவங்க சொன்னது எனக்கு புரிஞ்சது இறங்குறப்பதான். பெரும்பாலான குழுக்கள் வந்த ஒட்டக பாதைலயே திரும்பிரும், நீங்க கைடுகிட்ட முன்னாடியே சொல்லி படி வழில இறங்குங்க. மொத்தம் 3,750 படி, துறவிங்க தவமா நெனச்சு போட்டதுன்னு சொல்றாங்க. ராத்திரி இந்த வழி வேணாம், கால் வழுக்குனா அவ்வளவுதான். 750 படி இறங்குனதும் பைபிள்ல வர்ற எலியா தீர்க்கதரிசி தங்குன இடம்னு சொல்ற ஒரு சமவெளி வரும், சுத்தி பாறை, நடுவுல சைப்ரஸ் மரங்க. ராத்திரி இத தாண்டித்தான் போனோம், இப்படி ஒரு இடம் இருக்குறதே தெரியல. அங்க இருந்து ஒரு குறுகலான பாறை இடுக்குல படி இறங்கும், வழில கல்லு வளைவு ரெண்டு வரும். அதுல ஒண்ணு ஸ்தேவான்னு ஒரு துறவி பேருல இருக்கு, ஆறாம் நூற்றாண்டு ஆளு, மேல போறவங்ககிட்ட பாவ அறிக்கை கேட்டுட்டுத்தான் விடுவாராம். அவரோட எலும்புக்கூட்டுக்கு துறவி உடுப்பு போட்டு கீழ மடத்துல செத்துப்போன துறவிங்க எலும்ப வைக்கிற அறைல உக்கார வச்சுருக்காங்க. எங்க குழுவுல முக்கால்வாசி பேரு அந்த வளைவ பாக்கவே இல்ல, ஒட்டக பாதைல போயிட்டாங்க.

முட்டி வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். கடைசி பகுதில கால் தானா ஆட ஆரம்பிச்சுரும். ஆனா ஒரு திருப்பத்துல மடம் மொத்தமும் காலுக்கு கீழ தெரியும், கோட்டை சுவரு, உள்ள மணிக்கூண்டு, அதுக்கு பக்கத்துலயே மசூதி கோபுரம், வெளிய பச்சையா தோட்டம். நாங்க அங்கயே ரொம்ப நேரம் உக்காந்துட்டோம்.

அந்த செயின்ட் கேத்தரின் மடத்தையும் விட்டுறாதீங்க. 2002ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு, மோசே கதைல வர்ற எரிஞ்சும் கருகாத முட்செடி இதுதான்னு ஒண்ணு உள்ள இருக்கு, நாலாம் நூற்றாண்டு கிரேக்க பைபிள் பிரதி கிடைச்சதும் இங்கதான், அதோட பெரும்பகுதி இப்ப லண்டன்ல இருக்கு. பொதுமக்களுக்கு காலைல 9 மணிக்கு திறந்து மதியத்துக்குள்ள மூடிருவாங்க, வெள்ளியும் ஞாயிறும் லீவு, விசேஷ நாள் வந்தா மாறும், அதனால போறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டுக்கோங்க. வியாழன் ராத்திரியும் சனி ராத்திரியும் மலை ஏற டூர்காரங்க டிக்கெட் விப்பாங்க, அந்த ரெண்டு ராத்திரியும் வாங்காதீங்க, இறங்கி வந்து பூட்டுன கதவத்தான் பாக்கணும்.