ஃப்ராவ் பெருமாள்

ஃப்ரைபெர்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதத்தை முதலில் அம்மாவிடம்தான் காட்டினேன். "ஸேர் கெயேர்டெ ஃப்ராவ் பெருமாள்" என்று ஆரம்பித்திருந்தார்கள். பெண்களுக்கு முன்னால் மரியாதைக்குப் போடுகிற சொல் ஃப்ராவ், அதற்குப் பெண்டாட்டி என்றும் அர்த்தம் உண்டு என்று விளக்கினேன். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பியது.

"அப்ப இது எனக்கு வந்த லெட்டருல்ல? இந்த வீட்டுல பெருமாள் பொண்டாட்டி நான்தான?"

அன்றிலிருந்து எனக்கு ஜெர்மனியிலிருந்து எது வந்தாலும் "ஏய் விஜி, எனக்குத் தபால் வந்துருக்கா பாரு" என்கிறது.

நான் பி. விஜயா. ஒத்தக்கடையில் யானைமலை தெரிகிற தெருவில் வீடு. நரசிங்கம் கோயில் பெருமாளை நினைத்து ஆச்சி வைத்த பெயர் அப்பாவுக்கு. அது இருபத்து மூன்று வருடமாக என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாகச் சும்மா உட்கார்ந்திருந்தது. பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் முழுசாக உட்கார்ந்துகொண்டது. இப்போது ஜெர்மன்காரர்களுக்கு நான் விஜயாவே இல்லை, பெருமாள்தான். போகட்டும். விஜயாவை அவர்கள் எழுத்துப்படி வாசித்தால் ஃபியாயா ஆகிவிடும். அவர்களுக்கு வி என்பது ஃப, ஜே என்பது ய.

அக்டோபரில் கிளம்புகிறேன். நிலத்தடி நீர் சம்பந்தமான முதுநிலைப் படிப்பு. எதை எதைத் தயார் செய்தாய் என்று கேட்டு இன்பாக்ஸில் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பதில் அடிப்பதைவிட இங்கேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஊர்ப் பெயர். ஃப்ரைபெர்க் வேறு, ஃப்ரைபுர்க் வேறு. பேரையூர் என்று இரண்டு மூன்று மாவட்டங்களில் ஊர் இருக்கிற மாதிரிதான். பெர்க் என்றால் மலை, புர்க் என்றால் கோட்டை. கோட்டைக்காரர்கள் தென்மேற்கில் கருங்காட்டு ஓரம் இருக்கிறார்கள். என் ஊர் கிழக்கே சாக்சனியில், டிரெஸ்டனுக்கும் கெம்னிட்ஸுக்கும் நடுவில். மதுரைக்குள் ஓர் ஏஜென்ட் அலுவலகத்துக்கு ஆரம்பத்தில் போனேன். அறுபதாயிரம் கட்டினால் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். என் ஃபைல் மேல் பெரிய எழுத்தில் ஃப்ரைபுர்க் என்று எழுதியிருந்தது. சுட்டிக்காட்டினேன். "எல்லாம் ஒண்ணுதான் மேடம்" என்றார் அந்தத் தம்பி. ஃபைலை வாங்கிக்கொண்டு மாட்டுத்தாவணி பஸ் ஏறிவிட்டேன். அந்த அறுபதாயிரத்துக்கு அவர்கள் செய்வதாகச் சொன்ன வேலையை நானே ராத்திரி உட்கார்ந்து செய்ய மூன்று வாரம் ஆனது.

ஏன் இந்த ஊர் என்று கேட்பவர்களுக்கு: எங்கள் தெருவில் நான் பள்ளிக்கூடம் போகும்போது முந்நூறு அடியில் போர் போட்டார்கள், தண்ணீர் வந்தது. போன வருடம் பக்கத்து வீட்டில் எழுநூறு அடி போயும் புகைதான் வந்தது. மதுரையைச் சுற்றி அடியில் கிடப்பது பெரும்பாலும் கெட்டிப் பாறை. தண்ணீர் தேங்க அதற்குள் இடமில்லை, மேலே மக்கிய பகுதியிலும் பாறை வெடிப்பிலும்தான் நிற்கும். அந்தப் பாறைக்கு நைஸ் என்று பெயர். அந்தச் சொல்லே சாக்சனிச் சுரங்கக்காரர்கள் வாயிலிருந்து வந்ததுதான். ஃப்ரைபெர்க்கின் அடியிலும் நைஸ்தான். 12ஆம் நூற்றாண்டிலிருந்து அதைக் குடைந்து வெள்ளி எடுத்திருக்கிறார்கள். 1765இல் அதற்கென்றே ஆரம்பித்த சுரங்கக் கல்லூரிதான் இப்போது பல்கலைக்கழகம். 1886இல் ஜெர்மேனியம் என்ற தனிமத்தை அங்கேதான் கண்டுபிடித்தார்கள். பாறையைக் கேள்வி கேட்கப் போவதென்றால் அங்கே போகலாம் என்று தோன்றியது.

படிப்பு ஆங்கிலத்தில்தான். பாடத்துக்கு ஜெர்மன் வேண்டியதில்லை. ஆனால் ரொட்டிக்கடையிலும் வீட்டுக்காரரிடமும் கையால் ஜாடை காட்டிக்கொண்டிருக்க முடியாது என்று ஏ1 என்கிற முதல் படி ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. ஒரு ஜெர்மன் வாக்கியத்தை ஆங்கிலமாக்கி, அதை மனசுக்குள் தமிழாக்கி, பதிலைத் திரும்ப அதே வழியில் அனுப்பி... மாட்டுத்தாவணிக்குப் போக மேலூர் போய்ச் சுற்றி வருகிற மாதிரி இருந்தது. இரண்டாம் மாதம் 'மியர் இஸ்ட் கால்ட்' வந்தது. வகுப்பில் பாதிப் பேர் 'இஷ் பின் கால்ட்' என்று எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தில் 'நான் குளிராக இருக்கிறேன்' என்பார்கள் அல்லவா, அதை அப்படியே தூக்கிப் போட்டிருந்தார்கள். ஜெர்மனில் அப்படிச் சொன்னால் ஈவிரக்கம் இல்லாதவள் என்று ஆகிவிடும். மியர் என்றால் எனக்கு. எனக்குக் குளிருது. அவ்வளவுதான்! நான்காம் வேற்றுமை. ஒன்பதாம் வகுப்பில் தமிழம்மா கரும்பலகையில் 'கு' என்று எழுதி வட்டம் போட்டது கண்ணுக்குள் வந்தது.

அதற்குப் பிறகு ஆங்கிலத்தை நடுவிலிருந்து எடுத்துவிட்டேன். எனக்குப் போரடிக்குது: மியர் இஸ்ட் லாங்வைலிஷ். எனக்குப் பிடிச்சிருக்கு: எஸ் கெஃபெல்ட் மியர். எல்லாம் 'எனக்கு'தான். 'ஏனென்றால்' என்று வைல் போட்டு ஆரம்பித்தால் வினைச்சொல் கடைசிக்கு ஓடிவிடும். ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்த பிள்ளைகள் அதற்குத் தவித்தார்கள். நமக்கு வினை கடைசியில் வருவதுதானே வழக்கம்? நீ, நீங்க என்பது டு, ஸீ. யாருக்கு எது என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் விளக்கம் கொடுத்திருந்தார்கள். அதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நீளமான சொற்களைப் பார்த்தும் பயப்படவில்லை. அங்கே போய் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் விலாசத்தைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் ஒரு தாள் தர வேண்டும், அதன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங். பிரித்துப் பார்த்தால் வீடு, கொடுத்தவர், உறுதி. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்காகத்தான்' என்று மூச்சு விடாமல் பேசுகிற ஊரில் பிறந்துவிட்டு இதற்கா அஞ்சுவது.

பால் பாகுபாடுதான் எல்லாரையும் அழவைத்தது. கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. இதற்குத் தமிழும் கைகொடுக்கவில்லை, மனப்பாடம்தான். ஆனால் 'தாஸ் மேட்ஷென்' பாடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. மேட்ஷென் என்றால் சிறுமி. அது அஃறிணை! ஒரு பெண்ணைப் போய் எப்படி 'அது' என்பது என்று வகுப்பே கொதித்தது. பெண் என்பதற்காக இல்லை, 'ஷென்' என்று சின்னதாக்குகிற விகுதி வந்தால் எதுவாக இருந்தாலும் அப்படித்தான் என்றார் ஆசிரியை. நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மா வந்துச்சு, அக்கா சொல்லுச்சு, ஆச்சி தூங்குது. குழந்தையும் அழுதது, பாப்பாவும் சிரித்தது. இந்தப் பதிவில் அம்மா 'திரும்பியது' என்று படித்து யாராவது முகம் சுளித்திருந்தால் அவர்கள் மதுரைப் பக்கம் பெண் எடுக்கவில்லை என்று அர்த்தம்.

பசி மட்டும் கணக்கில் வரவில்லை. எனக்குப் பசிக்குது என்பதற்கு அவர்கள் 'பசி வைத்திருக்கிறேன்' என்கிறார்கள். வைத்திருந்து என்ன செய்வார்களோ.

தேர்வுக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை போனேன். நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவன். பேச்சுத் தேர்வில் பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். ஃபௌ, ஈ, யோட், ஆ, யுப்ஸிலோன், ஆ. ராத்திரி மேல் பெர்த்தில் படுத்து முணுமுணுத்தது வீண் போகவில்லை. கீழ் பெர்த் அம்மா மட்டும் காலையில் இறங்கும்போது "மந்திரம் ஏதும் சொல்றியாம்மா?" என்று கேட்டது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே கை வலிக்கிறது. ஏபிஎஸ் சான்றிதழ் 2022 நவம்பரிலிருந்து விசாவுக்குக் கட்டாயம், நான் கட்டியது 18,000 ரூபாய். நம் மார்க் ஷீட்டெல்லாம் நிஜம்தானா என்று ஜெர்மன்காரர்கள் பார்த்துச் சொல்வது. முதலில் இதைப் போடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. மார்க் ஷீட்டில் 'விஜயா பி', பாஸ்போர்ட்டில் 'விஜயா பெருமாள்' என்று இருந்ததால் இருவரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் வாங்கி எதற்கும் இருக்கட்டும் என்று சேர்த்து வைத்தேன்.

அடுத்தது ஷ்பெர்கோன்டோ, பூட்டுக் கணக்கு. ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோ மட்டும் வெளியே விடுவார்கள். யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்தால் பன்னிரண்டு லட்சத்துக்குப் பக்கம். "நம்ம காச நம்ம பேர்ல போட்டுட்டு நம்மளே எடுக்க முடியாதா?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்பா கேட்கவே இல்லை. கடையை மத்தியானம் சாத்திவிட்டு வந்து, பரண் மேலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினார். மஞ்சள் பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் வேட்டித் துணி, அதற்குள் வீட்டுப் பத்திரம். கடனுக்கு வங்கியில் ஈடு கேட்டிருந்தார்கள். தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, வக்கீல் ஒப்பீனியன், என்ஜினியர் மதிப்பீடு. மதிப்பீட்டுக்கு வந்தவர் டேப் பிடித்துச் சுவர் சுவராக அளந்தபோது அப்பா டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். "அடுப்படியையும் அளந்துக்கங்க சார், அது போன வருசம் எடுத்துக் கட்டுனது" என்றார். வங்கியில் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வரும்போது வேட்டித் துணியை மட்டும் மடித்துத் திரும்பக் கொண்டு வந்தார். அது இப்போதும் பெட்டிக்குள் இருக்கிறது.

சாப்பாட்டு விஷயம். ஐரோப்பாவுக்குள் வெளிநாட்டிலிருந்து கறியும் பால் பொருளும் பெட்டியில் கொண்டுபோகக் கூடாது. அம்மா வெயிலில் காயவைத்திருந்த உப்புக்கண்டமும் உருக்கி வைத்திருந்த நெய்யும் அப்படியே நின்றுவிட்டன. பச்சைக் கறிவேப்பிலைக்கும் அதற்கென்று சான்றிதழ் இல்லாமல் அனுமதி இல்லை. வறுத்துப் பொடியாக்கிக்கொண்டேன். சான்று இல்லாமலே கொண்டுபோகலாம் என்று இருக்கிற பழங்கள் அஞ்சே அஞ்சு: அன்னாசி, தேங்காய், துரியன், வாழை, பேரீச்சை. வாழை என்று படித்ததும் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "அப்ப சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வைக்கவா?" வேண்டாம் என்பதற்குள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது.

குளிர் உடுப்புக்கு விளக்குத்தூண் பக்கம் ஒரு சுற்று சுற்றினேன். உள்ளே போடும் பனியனும் சாக்ஸும் மட்டும் வாங்கினேன். அந்த ஊர்க் குளிருக்கான கோட்டு அந்த ஊர்க் கடையிலேயே வாங்குவது நல்லது என்று ஏற்கனவே போனவர்கள் சொன்னார்கள். குரங்குக் குல்லாய் மட்டும் அப்பா பிடிவாதத்தில் வந்துவிட்டது.

எனக்குக் கிடைத்த டிக்கெட்டில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ. நேற்று ராத்திரி கடையைச் சாத்தும் நேரத்தில் பெட்டியை உருட்டிக்கொண்டு போய் அரிசி மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றினோம். சிவப்பு எழுத்து ஓடி ஓடி 32இல் நின்றது. அம்மா பழச் சீப்பை முந்தானையால் மூடிக்கொண்டது.

அப்பாவுக்கு ஜெர்மன் எண்களை நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். இருபத்து மூன்றை அவர்கள் 'மூன்றும் இருபதும்' என்பார்கள், ஒன்றாம் இடம்தான் முதலில் வரும் என்று. கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் தராசைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவய்ங்க பின்னாலருந்துதான தாயி படிப்பாய்ங்க? இருபத்தி மூணுதான் இருக்கு. கட்டு."