மாமல்லபுரம் கலங்கரை விளக்கம்: நான்கு ஞாயிறு, நான்கு படம்

முதல் ஞாயிறு பென்சில் மட்டும். கோபுரத்தை அடியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்து வரைந்தேன். உயரமும், மேலே போகப் போகக் குறுகுவதும் ஓரளவு சரியாக வந்தன. கல்வரிசைகளைத்தான் நேர்கோடாகப் போட்டுவிட்டேன், வட்டக் கட்டடம் தட்டையாகிவிட்டது. கண்மட்டத்துக்கு மேலே இருக்கும் வரிசை எதுவும் வில் மாதிரி மேல்நோக்கி வளைந்துதான் தெரியும். உயரே போகப் போக வளைவும் கூடும். அடுத்த வாரம் ஐந்தாறு வரிசைகளை மட்டும் அப்படி வளைத்துவிட்டு மிச்சத்தை விட்டுவிட்டேன். உருண்டை வந்துவிட்டது.

மூன்றாவது வாரம் நீர்வண்ணம். இங்கேதான் திணறினேன். 1904இல் ஒளிரத் தொடங்கிய இந்தக் கோபுரம் கருங்கல்லால் கட்டியது. அது நிற்கிற குன்றும் அதே நிறம். டியூபில் வந்த சாம்பல் நிறத்தைத் தடவியதும் இரண்டும் ஒன்றாகக் கலங்கிப் போயின. அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பையும் குழைத்தேன். அல்ட்ராமரைனின் துகள் சொரசொரப்பான தாளின் பள்ளங்களில் போய்த் தங்கும். காய்ந்ததும் கருங்கல்லின் பொரிபொரியான மேனி தானாகவே கிடைக்கிறது, அவ்வளவு அழகு! குன்றுக்குச் சியன்னா சற்றுத் தூக்கலாக, கோபுரத்தின் நிழலுக்கு நீலம் தூக்கலாக. காலை வெயில் கடல் பக்கமிருந்து விழுவதால் அந்த முகத்தை வெறும் தாளாக விட்டேன். வெயில் ஏறிவிட்டால் மட்டும் வேண்டாம். பூசிய கையோடு காய்ந்து நடுவில் வரம்பு கட்டிவிடுகிறது.

அப்படியும் மனசு ஆறவில்லை. வேறு எந்தக் கடற்கரைக் கோபுரமாகவும் அது இருக்கலாம். மாமல்லபுரம் அதில் இல்லை.

பக்கத்திலேயே, மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பல்லவர் காலத்து ஒலக்கணேஸ்வரர் கோயில் இருக்கிறது. விமானத்தின் மேற்பகுதி போய்க் கற்பெட்டி போல நிற்கும். புதுக் கோபுரம் வரும் முன் விளக்கு எரிந்தது இதன் உச்சியில்தான். விளக்குக்கு அளந்து கொடுத்த உழக்கு எண்ணெயால் 'உழக்கெண்ணெய் ஈஸ்வரர்' என்று பெயர் வந்ததாக ஒரு பேச்சு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பேச்சு.

நான்காவது வாரம் அந்தக் கோயிலைத்தான் முதலில் வரைந்தேன், முன்னால், கனமாக. அப்புறம் கோபுரம். இரண்டுக்கும் நடுவே தெரிந்த வானத்தின் வடிவத்தைத் தனியாக அளந்து போட்டதும் இரண்டும் அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டன. நான்கு படங்களில் இதை மட்டும் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

கோபுரத்தில் ஏறிக் கிழக்கே கடற்கரைக் கோயிலையும் தெற்கே ஐந்து ரதங்களையும் வரையும் ஆசை இருக்கிறது. அதற்கு முன் அந்தி நேரத்தில் இதே இடத்தில் ஒரு படம். விளக்கு வரும் இடத்தில், வண்ணம் தாளில் படாமல் தடுக்கும் மாஸ்கிங் திரவம் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் வானத்தைப் பூச வேண்டும். கோயிலின் உச்சியை இருட்டாகவே விடப் போகிறேன்.