மார்ஷ்மெல்லோ போட்ட சர்க்கரைவள்ளியும் தோட்டத்துக் கடை டின்களும்

அமெரிக்கர் உணவில் விசித்திரமானவை எவையென்று பிற நாட்டாரைக் கேட்டால், சர்க்கரைவள்ளிக் கிழங்கின்மேல் மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு போன்ற மிட்டாயை அடுக்கிச் சுட்டெடுக்கும் பண்டம் அந்த வரிசையில் பெரும்பாலும் இடம்பெற்றுவிடும். நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை வரும் நன்றி நவிலல் நாளில், வான்கோழி இறைச்சிக்குப் பக்கத்தில் அதை வைப்பார்கள். மசித்த கிழங்கில் வெண்ணெயும் பழுப்புச் சீனியும் சேர்த்துத் தட்டில் பரப்பி, மேலே வெள்ளை மார்ஷ்மெல்லோக்களை நெருக்கமாக அடுக்கி, ஓவனில் வைத்து மேற்பரப்பு பொன்னிறமாகும்வரை சுடுவது வழக்கம். சாப்பாடு முடிந்தபின் வரும் இனிப்பாக அதை அவர்கள் கருதுவதில்லை. இறைச்சியோடு ஒரே தட்டில் போட்டு உண்கிறார்கள். இனிப்பையும் உவர்ப்பையும் தனித்தனியே வைத்துப் பழகிய ஐரோப்பியருக்கு அந்த இடத்தில்தான் தொண்டையில் இறங்க மறுக்கிறது.

என் தங்கை மகள் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள சின்சினாட்டி நகரில் படிக்கிறாள். அவள் அனுப்பிய படத்தை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டார் பார்த்தபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சர்க்கரைவள்ளியைத் தேங்காய்ப் பாலிலும் குலா மெலாக்கா என்ற பனை வெல்லத்திலும் வேகவைத்து, பூபூர் சாச்சா என்று கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கும் ஊரில், கிழங்கு இனிப்பாக இருப்பதில் வியக்க என்ன இருக்கிறது? என் மாமியார் கேட்ட கேள்வி வேறு: "அந்த வெள்ளையா இருக்கே, அது எதுல செஞ்சதாம்?" அந்தக் கேள்வி சரியான கேள்வி. மார்ஷ்மெல்லோவை உப்பவைப்பது ஜெலட்டின். அமெரிக்காவில் பல நிறுவனங்கள் அதைப் பன்றியிலிருந்து எடுக்கின்றன. நம் நாட்டுக் கடைகளில் ஹலால் முத்திரையோடு விற்பவற்றில் மாட்டு ஜெலட்டினும் உண்டு, மீன் ஜெலட்டினும் உண்டு. மாட்டிறைச்சி தொடாத இந்துக் குடும்பத்துக்கு ஹலால் முத்திரை மட்டும் போதாது. ஆகவே பொட்டலத்தைத் திருப்பி, எறும்பு எழுத்தில் அச்சிட்ட உட்பொருள் வரிகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கும் வேலை என் மாமியாருடையது. மீன் என்று போட்டிருந்தால்தான் பொட்டலம் கூடைக்குள் போகும்.

தொன்மையான குடியானவர் உணவுபோல் தோன்றும் இந்தப் பண்டம் உண்மையில் ஒரு விற்பனை ஏற்பாட்டின் பிள்ளை. 1917ஆம் ஆண்டில் ஏஞ்சலஸ் என்ற பெயரில் மார்ஷ்மெல்லோ விற்ற நிறுவனம், மக்கள் அதைத் தின்பண்டமாக மட்டும் வாங்காமல் அன்றாடச் சமையலிலும் சேர்க்க வேண்டுமென்று விரும்பி, பாஸ்டன் சமையற்பள்ளி இதழைத் தொடங்கிய ஜேனட் மெக்கென்சி ஹில் அம்மையாரைக் கொண்டு ஒரு செய்முறைக் கையேடு எழுதச் செய்தது. கிழங்கும் மார்ஷ்மெல்லோவும் அச்சில் சேர்ந்தது அதில்தான். நன்றி நவிலல் விருந்தின் மற்றொரு தூணாகிய, ஓவனில் சுட்டெடுக்கும் பச்சை பீன்ஸ் கேசரோலுக்கும் இதே பிறப்புதான். நியூஜெர்சி மாநிலத்தின் கேம்டனில் இருந்த கேம்பெல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில், 1955ஆம் ஆண்டில் டார்கஸ் ரெய்லி என்பவர் அதை உருவாக்கினார். பீன்ஸ், டின்னில் வரும் காளான் சூப், பால், சிறிது சோயா சாஸ், மிளகு, மேலே தூவப் பொரித்த வெங்காயம் ஆகியவற்றோடு செய்முறை முடிந்துவிடுகிறது. எந்த வீட்டு அலமாரியிலும் ஏற்கெனவே இருக்கக்கூடிய பொருள்களைக் கொண்டே செய்யக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவருக்கிருந்த கட்டளை. அவர் எழுதி வைத்த மூலச் செய்முறை அட்டை 2002இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தின் காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

டின் உணவைப் பரம்பரை உணவாக்கியதற்காக அமெரிக்கரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. மலேசியத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில் வளர்ந்தவர்களுக்குக் காரணம் விளங்கும். தொழிலாளர் வரிசை வீடுகளாகிய லயத்திலிருந்து டவுனுக்குப் போக நேரமும் பேருந்தும் வாய்க்காத நாள்களில், தோட்டத்துக் கடையில் கடன் புத்தகத்தில் எழுதி வாங்கியவை தக்காளிக் குழம்பில் ஊறிய சார்டின் டின்னும் கெட்டிப் பால் டின்னும்தானே! அந்தச் சார்டினில் வெங்காயமும் மிளகாயும் புளியும் சேர்த்துப் பிரட்டியதை, இன்று என் பிள்ளைகள் பாட்டி சமையல் என்று பெருமையோடு சொல்கிறார்கள். அந்தச் சார்டின் டின்னை விற்கும் ஆயம் பிராண்ட் நிறுவனத்தைச் சிங்கப்பூரில் 1892இல் தொடங்கியவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதால் எங்கள் சார்டின் பிரட்டலின் தமிழ்த்தன்மை குறைந்துவிடவில்லை. சந்தை எட்டாத இடத்தில் கெடாத பொருள் முதலில் வயிற்றுக்கு வழியாகிறது. ஒரு தலைமுறை கழிந்தால் அதுவே திருநாள் பண்டமாகிவிடுகிறது. ஒஹாயோவிலும் அயோவாவிலும் பனிக்காலத்தில் பச்சைக் காய்கறி கிடைக்காத பண்ணை வீடுகளிலும் இதற்கு மாறாக நடந்திருக்க வாய்ப்பில்லை.

கேசரோலைச் செய்தும் பார்த்தேன். பீன்ஸைப் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கினேன். பொரித்த வெங்காயத்துக்கு அமெரிக்க டின்னைத் தேடி அலையாமல், பிரியாணிக்கும் நாசி லெமாக்குக்கும் தூவும் பாவாங் கோரெங்கையே ஒரு போத்தல் முழுக்கக் கொட்டினேன். மணம் வீட்டைத் தூக்கியது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஓவனிலிருந்து வெளிவந்த பீன்ஸ் கடிபடாமல் குழைந்து, உறைப்பு என்று சொல்ல மிளகைத் தவிர ஒன்றுமில்லாமல், நோயாளிக்குக் கொடுக்கும் பத்தியச் சாப்பாட்டை நினைவூட்டியது. மேலிருந்த வெங்காயம் முதலில் தீர்ந்தது. அடியில் மிஞ்சியதற்கு என் கணவர் சம்பலைத் தேடி எழுந்து போனார்.

எனக்கே உண்மையில் விசித்திரமாகப் படுவது ஜெலட்டின் சாலட். 1897இல் நியூயார்க் மாநிலத்தின் லெராய் என்ற சிற்றூரில் பிறந்த ஜெல்லோ பொடியைக் கொண்டு, எலுமிச்சைச் சுவையுள்ள பச்சைக் கூழில் துருவிய கேரட், முட்டைக்கோஸ், செலரி, சில வீடுகளில் டூனா மீன் வரை போட்டு உறையவைத்து, மேலே மயோனைஸ் வைத்துப் பரிமாறியிருக்கிறார்கள். 1960களில் செலரிச் சுவையிலும் தக்காளிச் சுவையிலும்கூட ஜெல்லோ விற்பனைக்கு வந்தது. குளிர்சாதனப் பெட்டி வாங்கியதை விருந்தாளிக்குக் காட்டிக்கொள்ள அது ஒரு வழி. மீந்த காய்கறியை மறைத்துத் தீர்க்கவும் ஒரு வழி. நம் வீடுகளில் அகார் அகார் இல்லாத பிறந்தநாள் இல்லை என்றாலும், அது தேங்காய்ப் பாலும் பாண்டான் இலையும் சேர்ந்த இனிப்பு. அதற்குள் முட்டைக்கோஸ் இருப்பதை என்னால் எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. தவிரவும், இரண்டும் வெவ்வேறு குணமுள்ள பொருள்கள். கடற்பாசியில் செய்யும் அகார் அகார் நம் வீட்டு வெப்பத்திலேயே உறைந்துவிடும், மீண்டும் உருகக் கிட்டத்தட்ட 85 பாகை சூடு வேண்டும். ஜெலட்டினோ உடல் சூட்டுக்கு முன்பே இளகிவிடும். அகார் அகார் மின்சாரமில்லாத லயத்து வீட்டிலும் நிமிர்ந்து நின்றது. ஜெல்லோ சாலட்டைப் பேராக்கின் நடுப்பகல் வெயிலில் ஒரு கல்யாண மேசையில் வைத்தால், மாப்பிள்ளை வந்து சேர்வதற்குள் செலரி மிதக்கும் பச்சைத் தண்ணீர்தான் மிஞ்சும்.

ரூட் பீர் என்ற மதுவற்ற வேர்ப்பானத்தின் கதை இதற்கு நேர் எதிர். 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் சார்லஸ் ஹைர்ஸ் அதை மக்களிடம் பரப்பினார். சாசஃப்ராஸ் என்ற மரத்தின் வேர்ப்பட்டைதான் அதன் பழைய உயிர்; அந்த எண்ணெயில் உள்ள சாஃப்ரோல் ஆய்வக விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் 1960இல் அமெரிக்க அரசு அதை உணவில் தடை செய்தது. இன்று அதில் வரும் மணத்தில் விண்டர்கிரீன் என்ற செடியின் வாசனைக்கும் பங்குண்டு. மூட்டுவலித் தைலத்தில் நமக்குப் பழகிய வாசனையும் அதுவே. பற்பசையைக் குடிப்பது போலிருக்கிறது என்று ஐரோப்பியர் பலர் அதை ஒதுக்கிவைப்பதற்குக் காரணம் இதுதான். மலேசியரோ 1963இல் கோலாலம்பூரில் ஏ அண்ட் டபிள்யூ என்ற அமெரிக்கத் துரித உணவுக் கடை திறந்த காலத்திலிருந்து, குளிர்ந்த கண்ணாடிக் குவளையில், ஐஸ்கிரீம் உருண்டை மிதக்க, மறுபேச்சில்லாமல் குடித்து வருகிறார்கள். அதற்கும் முன்பே நமக்குச் சார்சி என்ற வேர்மணச் சோடா இருந்தது. தமிழருக்கோ நன்னாரி சர்பத்து இருந்தது. வேரைக் காய்ச்சி இனிப்புச் சேர்த்துக் குடிப்பது மருந்தா பானமா என்ற கேள்வியே நம் வீட்டில் எழுந்ததில்லை.

சின்சினாட்டியின் சொந்தப் பெருமையாகிய சில்லியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாசிடோனியாவிலிருந்து குடியேறிய கிராட்ஜீஃப் சகோதரர்கள் 1922இல் தொடங்கிவைத்தது அது. கொத்திய மாட்டிறைச்சியில் பட்டை, கிராம்பு மணக்க வைத்து, ஸ்பகெத்தியின்மேல் ஊற்றி, துருவிய சீஸை மலையாகக் குவிப்பார்கள். பிற மாநிலத்து அமெரிக்கரே அதைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். தங்கை மகள் மாட்டிறைச்சி சாப்பிடாதவள், ஆனாலும் வாசனையை மட்டும் வைத்து, "மீ மேல கீமா ஊத்தின மாதிரிதான் பெரியம்மா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மிசிசிப்பி டெல்டாவில் வெள்ளரி ஊறுகாயைக் கூல் எய்ட் என்ற பழச்சுவைப் பொடிப் பானத்தில் ஊறவைத்துச் சிவப்பாக்கிச் சாப்பிடுவதும், ‘அசாம் போய்’ என்ற புளிப்பு உலர்பழத்தின் தூள் தூவிய மாங்காய் ஜெருக்கை, அதாவது ஊறுகாயைப் பள்ளி வாசலில் வாங்கித் தின்றவர்களுக்கு எளிதில் புரியும்.

டெக்சாஸ் மாநிலப் பொருட்காட்சியில் 2009இல் பரிசு பெற்ற பொரித்த வெண்ணெயை மட்டும் நான் பரம்பரை உணவு என்ற கணக்கில் சேர்க்கவில்லை. அது போட்டிக்கென்றே செய்தது. இருந்தாலும் வெண்ணெயை உறையவைத்து, மாவில் பொதிந்து, கொதிக்கும் எண்ணெயில் போட்டெடுப்பதை என் மாமனாரிடம் விவரித்தேன். அவர் தேநீரை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதக் கேள்விப்பட்டிருக்கேன். வெண்ணெயையே எண்ணெயில போடறதுக்கு அலையறவன இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன்."