ஃபில்டருக்குள் குடித்தனம்

ஏசியைப் போட்டதும் எலி மூத்திர நாற்றம் முகத்தில் அடித்தது.

டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்த ஏசி ஃபில்டரை உருவினேன். அதன் மேல் ஒரு கூடு. பானெட்டுக்கு அடியிலிருந்து பிய்த்த பஞ்சு, கிழிந்த டிஷ்யூ, நடுவில் போன மாதம் நான் தேடிய பார்க்கிங் சீட்டின் ஓரம். அழகாகத்தான் கட்டியிருக்கிறது, பாவி.

பத்து நாள் வண்டியை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நாம் கதவைப் பூட்டிவிட்டு நிம்மதியாகப் போகிறோம். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும். முன்பற்கள் சாகும்வரை வளர்வதால் எதையாவது கொறித்தே ஆக வேண்டும். ஒயர் வாகாகச் சிக்கிவிடுகிறது.

புதினா எண்ணெயை நம்பாதீர்கள், வாசனை சீக்கிரம் பறந்துவிடும். காற்று நுழையும் வழியில் கம்பி வலை அடித்துவிட்டேன். சீட்டுக்கடியில் கிடந்த பிஸ்கட் தூளையும் துடைத்தாயிற்று. (விருந்து வைத்ததே நான்தான்!)

கையுறை மாட்டி, கிருமிநாசினியில் நனைத்துத்தான் கூட்டை எடுத்தேன். உள்ளே யாருமில்லை.

இப்போது வண்டியில் எங்கே இருக்கிறதோ?