கேட்காமலே கொடுக்கும் தள்ளுபடி

சொந்தத் தொழில் நடத்துபவருக்குத் தன்மீது எவ்வளவு நம்பிக்கை என்று அவர் அனுப்பும் கொட்டேஷனே காட்டிக்கொடுத்துவிடும். வாடிக்கையாளர் பேரம் பேசும் முன்பே 10 சதவீதம் குறைத்திருப்பார். கேட்காத இரண்டு வேலைகளை இலவசமாகச் சேர்த்திருப்பார். கடைசி வரியில், "விலை அதிகமாகத் தோன்றினால் பேசிக்கொள்ளலாம்" என்று வேறு எழுதியிருப்பார். 'நமக்கு இதற்கெல்லாம் தகுதி கிடையாது, என்றைக்காவது குட்டு உடைந்துவிடும்' என்ற பயம்தான் இத்தனையையும் செய்ய வைக்கிறது.

இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று இப்போது சொல்லப்படும் இதை 1978-இல் முதன்முதலில் விவரித்தவர்கள் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள். இது ஒரு மனநிலை, நோய் கிடையாது. இது உள்ளவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள்: வேலை வந்ததும் அளவுக்கு மீறித் தயாராவது, அல்லது தள்ளிப்போட்டுக் கடைசி நேரத்தில் அடித்துப்பிடித்து முடிப்பது. வேலை நன்றாக முடிந்தாலும் முன்னதை உழைப்பின் கணக்கிலும் பின்னதை அதிர்ஷ்டத்தின் கணக்கிலும் எழுதிவிடுவார்கள். திறமையின் கணக்கில் எதுவும் ஏறாது. அதனால் அடுத்த வேலைக்கும் அதே பயம்.

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்குப் பதவியை வேறொருவர் கொடுக்கிறார், வருடா வருடம் மதிப்பிடுகிறார். தொழில்முனைவோர் 'நிறுவனர்' பட்டத்தைத் தானே சூட்டிக்கொண்டவர். அதோடு, இன்னும் உருவாகாத ஒன்றைப் பற்றி முதலீட்டாளரிடம் பேசுவதும் அவர் வேலைதான். 'பொய் சொல்கிறோமோ' என்ற உறுத்தல் அங்கே பிறக்கிறது. சில சமயம் அந்த உறுத்தல் நியாயமானதும்கூட.

அதைப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. பேசப்போகும் ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிந்தது, நடக்கிறது, திட்டம் என்று மூன்றாகப் பிரியுங்கள். 12 பேர் பணம் கட்டிப் பயன்படுத்துகிறார்கள், 3 பேர் சோதித்துப் பார்க்கிறார்கள், அடுத்த காலாண்டில் 50 பேரைச் சேர்ப்பது இலக்கு. மூன்றையும் கூட்டி "எங்களுக்கு 65 வாடிக்கையாளர்கள்" என்றால் அது பொய். திருத்தியே ஆக வேண்டும். தனித்தனியாகச் சொன்னால் பயப்பட ஒன்றும் இல்லை.

பலர் இந்தப் பயத்துக்கு மருந்தாக இன்னொரு பயிற்சி வகுப்பில் சேருகிறார்கள். அதற்கு முன், என்ன தெரியவில்லை என்பதை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். 'பணவரவுக் கணக்கு பார்க்கத் தெரியவில்லை' என்று எழுத முடிந்தால் அதைக் கற்றுக்கொள்ளலாம். 'இன்னும் முழுசாகத் தயாராகவில்லை' என்று மட்டும்தான் வருகிறதென்றால் எந்த வகுப்பும் உதவாது.

முக்கிய முடிவு எடுக்கும் நாளிலேயே தேதி, அன்று தெரிந்த தகவல், காரணம், எதிர்பார்ப்பு நான்கையும் நோட்டில் குறித்து, 3 மாதம் கழித்துப் படியுங்கள். எது அதிர்ஷ்டம், எது உங்கள் திறமை என்று அப்போது பிரித்துப் பார்க்கலாம். விளைவு தெரிந்த பின் எழுதினால் நினைவு கதையை மாற்றிவிடும்.

தொழிலும் தானும் ஒன்று என்று ஆகிவிட்டால் விற்பனை சரிந்த மாதத்தில் ஆளே சரிந்துவிடுவார். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கும், சிறியதானாலும் மாதாமாதம் தனக்கென்று ஒரு நிலையான சம்பளமும் இருந்தால், இது நிறுவனத்தின் கணக்கு என்று தள்ளிநின்று பார்க்க முடியும்.

கொட்டேஷனுக்கும் அப்படித்தான். மணிநேரம், பொருள் செலவு, லாபம் மூன்றையும் கூட்டி வந்த தொகையில் கை வைக்காதீர்கள். அந்தக் கடைசி வரியை அழித்துவிட்டு அனுப்புங்கள்.